புரியாமல் வாசித்தவர்

மலேசியா போய் வந்தவனிடம் ஊரில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "என்ன கொண்டாந்தே?" இரண்டு கைலி, ஆறு புட்டி தலைவலித் தைலம், ஒரு டார்ச் விளக்கு என்று ஒப்பித்துத் தப்பித்து வருகிறேன். என்ன கொண்டு போனேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கொண்டு போனது ஒரு கடிதம். என் உம்மா என் வாப்பாவுக்குப் பதினான்கு வருடத்துக்குப் பிறகு எழுதியது.

என் உம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அதிராம்பட்டினத்தில் அவள் வயதுப் பெண்கள் பலருக்கும் தெரியாது. குர்ஆன் ஓதக் கற்றுக்கொண்ட அரபு எழுத்தை வைத்துக்கொண்டே தமிழை எழுதுவார்கள். எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். வாய்விட்டு வாசித்தால் எங்கள் தெருப் பேச்சு அப்படியே கேட்கும். அரபுத் தமிழ் என்று அதற்குப் பெயர். அந்த எழுத்தில் உம்மா மாதம் ஒரு கடிதம் மலேசியாவுக்கு எழுதுவாள். பக்கத்தில் யாரையும் விடமாட்டாள்.

வாப்பாவிடமிருந்து வருவதோ தமிழ் எழுத்துக் கடிதம். கடைக் கணக்கப்பிள்ளை எழுதியது. உம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டுகிற வேலை, எட்டு வயதிலிருந்து எனக்கு. "நலம், நலமறிய அவா. மகனை நன்றாகப் படிக்கச் சொல்லவும். மழை பெய்ததா?" இவ்வளவுதான் இருக்கும். "அடுத்த பக்கம் பாரு தம்பி" என்பாள் உம்மா. அடுத்த பக்கத்தில் ஒன்றும் இருக்காது. நான் இல்லையென்று சொன்ன பிறகும் வாங்கித் திருப்பிப் பார்ப்பாள்.

எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது உம்மா எழுதுவதை நிறுத்தினாள். ஏன் என்று கேட்டால் "எழுத ஒண்ணுமில்ல" என்பாள். அடுத்த வருடம் வரவேண்டிய வாப்பாவும் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. பணமும் நலமும் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தன. நான் படித்து, தமிழ் வாத்தியாராகி, கல்யாணமும் செய்துகொண்டேன். என் நிக்காஹ்வுக்கும் வாழ்த்துத் தந்திதான் வந்தது.

இந்த வருடம் உம்மாவின் கண் மங்க ஆரம்பித்தது. ஆபரேஷன் என்றால் பயம். ஒருநாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூக்கு தாளில் இடிக்க இடிக்க எழுதினாள். சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டி என் கையில் கொடுத்தாள்.

"இத அவங்க கையில மட்டும் குடு. அவங்களே பிரிச்சு அவங்களே வாசிக்கணும். அப்படி வாசிக்கலன்னா ஒட்டுனது ஒட்டுனபடியே திருப்பிக் கொண்டாந்துரு. வேற யாரு கண்ணும் படக்கூடாது. ஒன் கண்ணும்தான்."

அன்றுதான் காரணமும் சொன்னாள். பதினான்கு வருடத்துக்கு முன் மலேசியாவிலிருந்து திரும்பிய ஊர்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "ஒங்க கடுதாசிய ஒரு மலாய்க்காரரு ராகம் போட்டு வாசிக்கிறாரு. மச்சான் கண்ண மூடிக்கிட்டுக் கேக்குறாரு." உம்மா அதைச் சொல்லும்போது கூட முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நான் புருசனுக்கு எழுதுனத ஊரான் ஒருத்தன் கடத்தெருவுல வச்சு வாசிக்கிறான் தம்பி. பொறவு எந்தக் கையால எழுதச் சொல்றே?"

அந்தக் கோபத்தோடுதான் நான் கோல சிலாங்கூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

சின்ன ஊர். ஒரு பக்கம் சேறும் கண்டல் மரமுமாக ஆறு கடலில் சேருகிறது. இன்னொரு பக்கம் குரங்குகள் நிறைந்த ஒரு குன்று. நடுவே இரண்டு வரிசைக் கடைகள். காற்றில் மீன் வாடையும் மழை வாடையும் கலந்து வந்தபோது ஒரு நிமிடம் எங்கள் ஊர் கடற்கரைத் தெருவில் நிற்பது போலிருந்தது. எங்கள் ஊரில் மழைக்காக ஏங்குவோம். இங்கே வெயிலுக்குள்ளேயே மழை பெய்துவிட்டுப் போகிறது, யாரும் அண்ணாந்து கூடப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கடை வாசலிலும் "மாரி, மாரி" என்று கையசைத்துக் கூப்பிட்டார்கள். வாங்க, வாங்க என்று அர்த்தம். நான் கற்ற முதல் மலாய்ச் சொல் அது.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே வாப்பாவின் சாப்பாட்டுக் கடை. கல்லுக்கு முன்னால் நின்று மாவை விசிறிக்கொண்டிருந்தார். தாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. என்னைப் பார்த்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டார்.

"வாப்பா" என்றேன்.

மாவு கையிலிருந்து கல்லில் விழுந்தது. கையைத் துண்டில் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கட்டிக்கொள்வார் என்று நான் நின்றேன். "பசிக்குதாலா?" என்று, இந்த நாட்டுப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு மட்டும் கேட்டார். பதினான்கு வருடம் கழித்துப் பார்க்கிற மகனிடம் கேட்க வேறு கேள்வி கிடைக்கவில்லை மனிதருக்கு. ஆனால் அவர் வறுத்துப் போட்ட மீ கோரேங் நூடுல்ஸை இரண்டு தட்டு சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோபத்துக்கும் பசிக்கும் சம்பந்தமில்லை.

சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனவன், உண்மையைச் சொன்னால், வேவுதான் பார்த்தேன். இங்கே இன்னொரு குடும்பம் இருக்கும் என்று ஊரில் பாதிப் பேர் முடிவு கட்டியிருந்தார்கள். நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன். கொடியில் பூப்போட்ட துணி ஒன்று தொங்குவதைக் கண்டதும் அகப்பட்டுவிட்டது என்று எட்டிப் பிடித்தேன். பிரித்துப் பார்த்தால் ஜன்னல் திரை. ஒரு பாய், ஒரு தலையணை, தொழுகிற விரிப்பு, ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான் அறையில் இருந்தது. இரண்டாவது தலையணை கூட இல்லை. நிம்மதிக்குப் பதிலாக எனக்கு ஏனோ அழுகை வந்தது.

சாயங்காலத் தொழுகையான அசரை முடித்துவிட்டு வந்தவரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். "உம்மா குடுத்தது. நீங்களே வாசிக்கணுமாம்."

இரண்டு கையாலும் வாங்கினார். பின்பக்கம் திருப்பி, சோறு காய்ந்திருந்த இடத்தை விரலால் தடவினார். சட்டைப் பையில் வைத்தார். குனிந்தால் விழும் என்று எடுத்து, பனியனுக்குள் வைத்துக்கொண்டார். பிறகு போய் டீ ஆற்ற ஆரம்பித்துவிட்டார். இங்கே டீயை இழுத்து ஆற்றுவதை ஒரு வித்தையாகவே செய்கிறார்கள். ஒரு பாத்திரம் தலைக்கு மேலே, ஒன்று இடுப்புக்குக் கீழே, நடுவில் மூன்று முழ நீளத்துக்கு டீ நிற்கும். அன்று வாப்பா கை தவறி மேஜையெல்லாம் சிந்தினார். கடையில் வேலை செய்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் முழுவதும் பொறுத்தேன். கடிதம் பனியனுக்குள்ளேயே இருந்தது. அதற்கடுத்த நாள் காலை, ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று குன்றுக்கு அழைத்துப் போனார். கடலைப் பார்த்தபடி பழைய பீரங்கி ஒன்று நின்றது. அதன்மேல் ஒரு குரங்கு தன் குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில்தான் எனக்குப் பொறுமை போனது.

"வாப்பா, பிரிக்கவே இல்லையே நீங்க? வாசிக்க இஷ்டமில்லன்னா குடுத்துருங்க. திருப்பிக் கொண்டு போறேன். உம்மா அப்படித்தான் சொல்லி விட்டாங்க."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு வாசிக்கத் தெரியாதுடா" என்றார்.

"தமிழ் எழுத்துத் தெரியாதுன்னு தெரியும். இது நம்ம ஓதுற எழுத்துதானே."

"அதுவும் தெரியாது. எந்த எழுத்தும் தெரியாது. பத்து வயசுல கப்பல் ஏத்திவிட்டாங்க. தொழுகைக்கு வேண்டியதெல்லாம் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணுனது. ஒங்க உம்மாக்கிட்ட இத நான் சொன்னதில்ல. அவங்க குர்ஆன் முழுசா ஓதுனவங்க. கல்யாணத்தன்னைக்கு எப்படிச் சொல்ல முடியும்? அன்னைக்குச் சொல்லாதது அப்படியே நின்னுபோச்சு."

முப்பத்து மூன்று வயது எனக்கு. பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். என் வாப்பாவுக்கு எழுத்துத் தெரியாது என்பது குரங்குகள் உட்கார்ந்திருக்கும் பீரங்கிக்குப் பக்கத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது.

"அதனாலதான் ஊரான் ஒருத்தன்ட்ட குடுத்து, கடத்தெருவுல வச்சு..." என்று ஆரம்பித்தேன். ஊர்க்காரர் சொன்னதையும் உம்மா பேனாவை மூடி வைத்ததையும் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்காகவா? இதுக்காகவா எழுதாம விட்டாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "கடத்தெரு இல்லடா, ஆத்துப் படி. பாக் உசின் அவரு, பள்ளிவாசல்ல பாங்கு சொல்றவரு. அவருக்குத் தமிழ் தெரியாதேடா!"

எனக்கு முதலில் விளங்கவில்லை. வாப்பா விளக்கினார். ஒருநாள் அவர் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஆற்றுப் படியில் உட்கார்ந்து, வந்த கடிதத்தை வெறிக்க வெறிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பாக் உசின் எட்டிப் பார்த்தார். மலாய்க்காரர்களில் அந்த வயதுக்காரர்கள் தங்கள் மொழியையும் அரபு எழுத்தில்தான் எழுதுவார்கள். அதனால் வாங்கி வாசித்துப் பார்த்தார். ஒரு வார்த்தையும் புரியவில்லையே, இது என்ன பாஷை என்று கேட்டார்.

"அவருக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சிச்சு" என்றார் வாப்பா. "ஒங்க உம்மா பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருந்திச்சு. அர்த்தம் கேக்க மாட்டேன்னு அவரா சொன்னாரு. கேட்டதுமில்ல. தமிழ் ஆளு ஒருத்தன் படியில எறங்குனாலும் வாசிக்கிறத நிறுத்திருவாரு. உம்மாவோட மழையெல்லாம் அவரு வாயில மலையா வரும். நான் காதுக்குள்ள திருத்திக்குவேன்."

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் வந்து வாசிச்சுக் காட்டியிருப்பேனே" என்றேன், கொஞ்சம் அசட்டுத்தனமாக.

"மகன் வாசிக்கிற கடுதாசியாடா அது?"

என்னிடம் வாசிக்கக் கொடுத்த கடிதங்களில் ஏன் மழை மட்டும் இருந்தது என்று இப்போது தெரிந்தது. அவரும் யாரோ எழுத, யாரோ வாசிக்கத்தான் பேச வேண்டியிருந்தது. எழுதியவர் கணக்கப்பிள்ளை, வாசித்தவன் நான்.

"ஏன் வாப்பா, அவருக்கிட்டயே எழுத்தக் கத்துக்கிட்டிருக்கலாமே?"

"கத்துக்க ஆரம்பிச்சேன். நாலஞ்சு எழுத்து வந்திச்சு. அதுக்குள்ள கடுதாசி நின்னுபோச்சு. பொறவு எதுக்குக் கத்துக்கணும்?"

பாக் உசின் இப்போது ஊரில் இல்லை. தொண்டை கெட்டுப் பாங்கு சொல்ல முடியாமல் போனதும், பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அப்பால் கம்பத்தில், அதாவது ஒரு மலாய்க் கிராமத்தில், இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் நாங்கள் இருவரும் அங்கே கிளம்பினோம். கிளம்பும் முன் வாப்பா ஒரு காரியம் செய்தார். இங்கே டீயைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக் கொடுப்பார்கள். அந்தப் பை ஒன்றை எடுத்து, ஊதிப் பார்த்து, கடிதத்தை உள்ளே வைத்து இரண்டு வளையம் போட்டுக் கட்டினார். "மழ வரும்" என்றார்.

பாதி வழியில் பஸ் இருமியது, புகைந்தது, நின்றது. நடத்துநர் இறங்கி, எஞ்சினைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுச் சிகரெட் பற்ற வைத்தார். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் பத்துப் பேர் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே எல்லோரும் அமைதியாகப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டு பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்கள். எவ்வளவு தூரம் பார்த்தாலும் ஒரே வரிசை, ஒரே உயரம். மழை பிடித்துக்கொண்டது.

செம்பனைக் குலை ஏற்றிவந்த லோரி ஒன்று எங்களைக் கண்டு நின்றது. ஓட்டுநர் தமிழர். "காக்கா கடை பாய்தானே நீங்க? ஏறுங்கலா!" என்றார். தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையை இங்கே காக்கா கடை என்பார்கள். அவர் கடைக்கு வந்து சாப்பிடுகிறவராம். போகிற வழியில்தான் அவர் வேலை செய்யும் தோட்டம். மழை விடட்டும் என்று லயத்தில் அவர் வீட்டு முன்னால் இறக்கிவிட்டு, குலையை மில்லில் போட்டுவிட்டு வருவதாகப் போனார்.

லயம் என்பது ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசை. மூன்றாவது வீட்டில் அவர் மனைவி அஞ்சலை இருந்தார். நாற்பது வயதிருக்கும். பால்மரம் என்கிற ரப்பர் மரம் சீவுகிறவர். மரம் நனைந்தால் பால் சீவ முடியாது, அதனால் அன்று வீட்டில் இருந்தார். எங்களைக் கண்டதும் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"நேத்து கோழி ஆக்குனேன் பாய். அது நாங்க அறுத்தது, ஒங்களுக்கு ஆவாது. டின் மீனு இருக்கு, சம்பல் பண்ணிர்றேன். சட்டி புதுசு, நீங்க யோசிக்க வேணாம்."

அவர் வீட்டுச் சுவரில் மாரியம்மன் படமும் அதன் கீழே திருநீற்றுக் கிண்ணமும் இருந்தன. எங்கள் மார்க்கத்தில் எது ஆகும், எது ஆகாது என்பதை எங்களைவிடக் கவலையோடு அவர் நினைத்தார். சாமி கும்பிடுகிற வீட்டில் சாப்பிடக்கூடாது என்று சொல்லும் எங்கள் தெருப் பெரியவர் ஒருவரை நினைத்துக்கொண்டேன். அவருக்கு அந்தச் சம்பலை ஒரு வாய் கொடுத்திருக்க வேண்டும்.

சோறு போட்டுக்கொண்டே அஞ்சலை எல்லாவற்றையும் கேட்டார். தம்பி யாரு, எத்தன பிள்ள, ஊர்ல யாரு இருக்கா. வாப்பா ஊருக்குப் போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது என்று தெரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன் பாய், சண்டையா?"

நான் மூன்று நாளாகக் கேட்கத் துணியாததை அவர் மூன்றாவது கரண்டிச் சோற்றில் கேட்டுவிட்டார். வாப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"சண்டையெல்லாம் இல்லமா. கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. அப்பெல்லாம் அடுத்த வருசம், அடுத்த வருசம்னு இருந்துட்டேன். கடையக் கொஞ்சம் பெருசாக்கிட்டு, இன்னொரு மேச போட்டுட்டுன்னு. பொறவு கூப்பிடுறத நிறுத்திட்டாங்க. கூப்பிடாத வீட்டுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

"நல்லா இருக்குலா ஒங்க கத! சொந்த வீட்டுக்குப் போவ வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா?" என்றார் அஞ்சலை. "எங்க வீட்டு ஆளு பாருங்க, காலைல பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப சண்ட போட்டுட்டுப் போவாரு. மத்தியானம் பசிச்சா தானா வந்து குந்துவாரு. யாரு கூப்பிட்டா?"

வாப்பா சிரித்தார். நான் வந்ததிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான். சோற்றைப் பிசைந்த கை மட்டும் தட்டிலேயே நின்றுவிட்டது.

மழை விட்டதும் லோரி எங்களைக் கம்பத்து முனையில் கொண்டுவந்து விட்டது. பாக் உசினின் மகள் வீடு மரத் தூண்கள் மேல் நின்றது. பாக் உசின் ஒல்லியானவர். கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் தொங்க விட்டிருந்தார். "காடிர்!" என்று வாப்பாவின் பெயரைச் சொல்லி, கீச்சிட்ட குரலில் கூப்பிட்டார். பாங்கு சொன்ன குரல் அது என்று நம்ப முடியவில்லை. வாப்பா பிளாஸ்டிக் பையை நீட்டியதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போனார். முகமும் கையும் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

உறையை வாப்பாதான் பிரித்தார். உம்மா சொன்னதில் பாதியாவது நிறைவேறியது.

நான் எழுந்து, கொல்லையில் கோழிகள் மேய்கிற இடத்துக்குப் போனேன். காதில் வார்த்தை விழாத தூரம். ஆனால் குரல் விழுந்தது. எழுத்தெழுத்தாக, நிறுத்தி, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, அவர் அதை ஓதினார். வாசித்தார் என்று சொல்ல மனம் வரவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நாங்கள் குர்ஆனை இப்படித்தான் ஓதுகிறோம். ஒவ்வொரு ஒலியும் பிசகக்கூடாது என்று உயிரை விடுவோம், பொருள் கேட்டால் விழிப்போம். பொருள் புரியாமல் ஒன்றை இவ்வளவு கவனமாக வாசிக்க முடியும் என்றால் அதற்கு அன்பு என்றுதான் பெயர் வைக்க வேண்டும். இலக்கணமும் உரையும் கற்பிக்கிற நான் ஒரு தடவையாவது ஒரு பாடத்தை இப்படி வாசித்திருப்பேனா? ஜன்னல் வழியே வாப்பா தெரிந்தார். ஊர்க்காரர் சொன்னது சரிதான், கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார்.

குரல் நின்றது. பிறகு "மாரி!" என்று பாக் உசின் என்னைக் கூப்பிட்டார். போனேன். கோப்பி வந்திருந்தது. வாப்பாவின் தாடி நனைந்திருந்தது. பாக் உசின் கடிதத்தை இன்னும் கீழே வைக்கவில்லை. கடைசி வரியை விரலால் தொட்டார், தாளைத் திருப்பினார், உறைக்குள் கையை விட்டுப் பார்த்தார். எனக்கு நன்றாகத் தெரிந்த தேடல் அது. உம்மாவும் இப்படித்தான் அடுத்த பக்கத்தைத் தேடுவாள்.

அவர் வாப்பாவிடம் மலாயில் ஏதோ சொன்னார். அந்த மலாய்க்கு நடுவே ஒரு தமிழ்ச் சொல் வந்தது.

"வாங்களேன்."

உம்மா கெஞ்சும்போது இழுக்கிற இழுப்பு அப்படியே அந்தக் கிழவர் வாயில் இருந்தது. அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"என்ன சொல்றாரு?" என்றேன், பாதி புரிந்திருந்தும்.

"ஒவ்வொரு கடுதாசியும் இந்தச் சொல்லுலதான் முடியும். அவருக்கு அது மனப்பாடம்" என்றார் வாப்பா. "இந்தத் தடவ அது இல்லையேங்குறாரு. ஒரு தாளு எங்கயோ விழுந்துபோச்சான்னு கேக்குறாரு."

தாள் எதுவும் விழவில்லை. ஒட்டியது ஒட்டியபடி வந்த கடிதம் அது.

பாக் உசின் அன்றுதான் முதல் தடவையாக அர்த்தம் கேட்டார். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும். வாப்பா கோப்பியைத் தள்ளி வைத்தார். பிறகு, "மாரிலா" என்றார்.

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். வாப்பாவைப் பார்த்து மெதுவாகப் பேசினார். வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னது இது: "இத்தனை வருடமும் இதையா நான் உனக்கு வாசித்துக்கொண்டிருந்தேன்? கேட்டுவிட்டு நீ ஒவ்வொரு தடவையும் எழுந்து டீ ஆற்றப் போனாயா? தெரிந்திருந்தால் உன்னை ஆற்றில் தள்ளியிருப்பேன்."

கோப்பி ஆறிப்போனது. வெளியே செம்பனை ஓலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாப்பா கடிதத்தை மடித்தார்.

"கூப்பிட்டப்பெல்லாம் போவல" என்றார் என்னிடம். "இந்தத் தடவ கூப்பிடல தம்பி. இனிமே போவாம இருக்க முடியாது."

கடையைக் கூட்டாளியிடம் ஒப்படைத்து, பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வர இரண்டு மாதம் ஆகும். எனக்கோ பள்ளிக்கூடம் திறக்கிறது, நான் முன்னால் போக வேண்டும். அப்படியானால் உம்மாவுக்கு ஒரு பதில் எழுதித் தாருங்கள், நான் எழுதுகிறேன், நீங்கள் சொல்லுங்கள் என்று பேனாவைத் திறந்தேன். வாப்பா பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

வாய்விட்டு ஒரு சொல்லைச் சொன்னார். பாக் உசின் அதைக் கேட்டு, பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் பெரிது பெரிதாக எழுதிக் காட்டினார். வாப்பா தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து எழுதினார். மாவை விசிறி எறிகிற கை, ஒரு வளைவு போடத் திணறியது. செய்தித்தாள் ஓரத்தில் ஏழெட்டுத் தடவை எழுதிப் பழகிவிட்டு நல்ல தாளில் எழுதினார். தமிழ் வாத்தியார் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஊருக்கு வந்து சேர்ந்த அன்று நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு உம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "அவங்களே வாசிச்சாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றேன். அவள் கையை நீட்டினாள், கடிதத்தைத் திருப்பித் தரச் சொல்லி. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பத்து வயதில் ஏறிய கப்பலிலிருந்து ஆற்றுப் படி வரைக்கும்.

கையை விடுவித்துக்கொண்டு, "அப்ப அந்த மனுசருக்கு ஒண்ணுமே புரியலையா?" என்றாள்.

"ஒரு சொல்லுதான் புரிஞ்சிச்சு. அதுவும் இப்பத்தான்."

"எது?"

சொன்னேன். உம்மா முக்காட்டை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

நான் தாளை அவள் மடியில் வைத்தேன். "இது வாப்பாவே எழுதுனது. அவங்க கையால." நான் வாசித்துக் காட்டுவேன் என்று பழக்கத்தில் என் பக்கம் நீட்டியவள், எழுத்தைக் கண்டதும் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். வெளிச்சத்துக்காக ஜன்னல் கதவை இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

வாறேன் என்று எழுதியிருந்தது. ஒரே சொல். அதை வாசித்து முடிக்க உம்மாவுக்கு அசர் வரை ஆனது.